சப்டைட்டில் போட்டவனுக்குத் தமிழ் தெரியாது

கொஞ்சம் தள்ளி உக்காருங்க அண்ணாச்சி. ஆள் வருதா? டீ குடிக்கப் போயிருக்காரா? வந்தா பின்னால உக்காந்துக்கிடட்டும், வண்டி காலியாத்தான கெடக்கு. எனக்கு ஜன்னலோரம் இல்லைன்னா தலை சுத்தும். காலம் பூரா கப்பல்ல போனவனுக்கு பஸ்ஸுல தலை சுத்துமான்னு கேக்காதிய. கப்பல் ஆடும், பஸ்ஸு குலுக்கும். ரெண்டும் வேற வேற.

மதுரைக்கா? நானும் மதுரைக்குத்தான். இந்தாங்க, மக்ரூன் எடுத்துக்கோங்க. வேண்டாமா? சுகரா? ஒண்ணே ஒண்ணுதான, அதுல என்ன ஆயிரப்போவுது, பிடிங்க. வீட்டம்மாவுக்கு வாங்கினது. மக்ரூன் பிடிக்காதும்பா. நான் வாங்கிட்டுப் போனா சாப்பிட்டிருவா. இசக்கியம்மான்னு பேரு. மதுரைல தம்பி வீட்டுல இருக்கா. கூட்டிட்டு வரத்தான் போறேன்.

கோவமான்னு கேக்கியளா? கோவம்னு இல்ல. பைய எடுத்துட்டுப் போயிட்டா. அம்புட்டுத்தான். நேத்து சாயங்காலம் போன் பண்ணி, "வராதிய"ன்னா. அதான் காலைலயே கெளம்பிட்டேன்.

ஐயையோ! ஏ கண்டக்டர் தம்பி! வேற படம் இல்லியா? ஒரு சாமி படம் போடக்கூடாதா? வந்து ரெண்டு வாரம் ஆகல, அதுக்குள்ள திருட்டுப் பிரிண்டா? இந்தப் படந்தானா கெடச்சிது ஒங்களுக்கு? அண்ணாச்சி, நீங்க பாத்துட்டியளா இத? இல்லியா? அப்ப நல்லதாப் போச்சு. அந்தா எழுத்து ஓடுது பாருங்க. கடத்தல், நடுக்கடல், அப்புறம் என்ன? "இது ஓர் உண்மைச் சம்பவம்." வாசிச்சியளா? அந்த உண்மைச் சம்பவம் நாந்தான்.

சிரிக்காதிய. மெய்யாத்தான் சொல்லுதேன். அந்தக் கப்பல்ல சீஃப் குக்கு நான். அந்தா, தொந்தியத் தூக்கிக்கிட்டு அழுதுக்கிட்டே ஓடுதான்லா ஒருத்தன், எண்ணெய்ச் சட்டியத் தட்டிவிட்டு? அதான் நானாம். எனக்கு என்னைக்கு அண்ணாச்சி தொந்தி இருந்துச்சு? இப்ப இருக்கு. அப்ப இல்ல. சமையல்கட்டுல சட்டியத் தட்டிவிடுறவனுக்கு எவன் வேலை குடுப்பான்? கப்பல்ல சமையல்கட்டுக்கு கேலின்னு பேரு. பேருக்கேத்த மாதிரி ஆக்கிப்புட்டான் பாவிப்பய.

எல்லாம் அந்த அசிஸ்டெண்ட் டைரக்டர் பண்ணின வேலை. கிருபாகரன்னு பேரு. மூணு நாளு வீட்டுல வந்து தங்கினான். பாறை மீன் கொழம்பு வச்சேன், தட்டத் தூக்கிக்கிட்டு அடுப்படிக்கே வந்துட்டான். "அங்கிள், அவங்க பேசினது ஞாபகம் இருந்தா அப்பிடியே சொல்லுங்க"ன்னு போனை மூஞ்சிக்கு நேரா நீட்டினான். நானும் தொண்டை கிழியக் கத்திக் காட்டினேன். பக்கத்து வீட்டுக்காரன் செவரேறிக் குதிச்சு வந்துட்டான், என்னமோ ஏதோன்னு. அம்புட்டையும் வாங்கிட்டுப் போயி, என் சீனைத் தூக்கி கேப்டனுக்குக் குடுத்துட்டான். அதக்கூட விடுங்க. சப்டைட்டில் போட்டான் பாருங்க, அதத்தான் என்னால தாங்க முடியல.

மொதல்ல இருந்தே சொல்லுதேன். படத்தப் பாக்காதிய, என்னையப் பாருங்க. படத்துல தப்பாத்தான் வரும்.

என் பேரு மாயாண்டி. கப்பல்ல யாருக்கு அம்புட்டு நீளம் வாயில வரும்? மாயா, மாயான்னுதான் கூப்பிடுவாங்க. கேப்டன் மிஸ்ரா வடக்கத்திக்காரரு, நல்ல மனுசன், பருப்புல சீனி போடச் சொல்லுவாரு. மிச்சப் பேரு நாலா தேசத்துக்காரன். தமிழ் பேச நானும் டைட்டஸும் மட்டுந்தான். டைட்டஸ் செகண்ட் எஞ்சினியர். நம்ம தூத்துக்குடி திரேஸ்புரத்து ஆளு. அவனும் நானும் பேசிக்கிட்டா மத்தவனுக்கு ஒரு எழவும் புரியாது. நிம்மதியா எல்லாரையும் வையலாம்.

ஏடன் பக்கம் போயிக்கிட்டிருக்கோம். காலைல பதினொரு மணி இருக்கும், அடுப்புல சாம்பார் கொதிக்குது. மேல தடதடன்னு சத்தம். மணி அடிக்கான். எட்டிப் பாத்தா, சின்ன போட்டுல வந்து ஏணியப் போட்டு குரங்கு மாதிரி ஏறுதானுவ. சோமாலியாக்காரனுவ. ஆளாளுக்குத் துப்பாக்கி. எங்க எல்லாரையும் பிரிட்ஜுக்கு, அதான் கப்பல் ஓட்டுற ரூமுக்கு இழுத்துட்டுப் போயி, குப்புறப் படுக்க வச்சுட்டான். டைட்டஸ் அருள் நிறைந்த மரியே சொல்லுதான். எனக்கு என்ன நெனப்புங்கிய? சாம்பார் அடிப்பிடிக்குமே! அந்த நெனப்புதான். மெதுவா எந்திரிச்சேன்.

அவனுவ தலைவனுக்கு அப்தின்னு பேரு, நெட்டையா இருப்பான், எந்நேரமும் ஒரு இலைய மென்னுக்கிட்டே இருப்பான். நான் எந்திரிச்சதப் பாத்ததும் கத்தினான் பாருங்க: "வாரியா! மாயா!"

என்னத்தச் சொல்ல அண்ணாச்சி. எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு. நடுக்கடல்ல, முன்னப்பின்ன தெரியாதவன், என் பேரச் சொல்லிக் கூப்பிடுதான். அதுவும் நம்ம பேச்சுல! "வாரியா மாயா?" மெட்ராஸ்காரன்னா வர்றியாம்பான். வாரியான்னு யாரு சொல்லுவா? நம்ம தூத்துக்குடி திருநெவேலிக்காரன்தான சொல்லுவான்? டைட்டஸ் படுத்த வாக்குலயே சொல்லுதான், "அண்ணே, ஒங்களத்தான் கூப்பிடுதான், போங்க, இல்லைன்னா எல்லாரையும் சுட்டுருவான்." நான் "வாரேன் தம்பி வாரேன்"னு ரெண்டு கையையும் தூக்கிட்டு அவன்கிட்ட போனேன். அவன் பின்னால போறான். நான் முன்னால போறேன். அவன் இன்னும் சத்தமாக் கத்துதான், "வாரியா! மாயா! மாயா!" நான் "அதான் வாரேம்லா, ஏன் கத்துத, எந்த ஊரு தம்பி நீ, நம்ம பக்கமா?"ன்னு கேட்டேன். செவத்துல முட்டி நின்னுட்டான். என்னைய மேலயும் கீழயும் பாத்தான். துப்பாக்கியத் தாழ்த்திட்டான்.

நான் போயி அடுப்ப அணைச்சிட்டு வந்து படுத்துக்கிட்டேன்.

அந்தா, அந்த சீன்தான் இப்ப வருது பாருங்க. என்ன போட்டிருக்கான்? கண்ணாடி கொண்டாரல, நீங்க வாசிங்க. "ஏய்! வேண்டாம்!" பாத்தியளா? பாத்தியளா அநியாயத்த? வாய் என்ன சொல்லுது, எழுத்து என்ன சொல்லுது? "வாரியா மாயா"ன்னா பச்சப்பிள்ளைக்குக் கூடத் தெரியும் அர்த்தம். சப்டைட்டில் போட்டவனுக்குத் தமிழ் தெரியாது அண்ணாச்சி.

எட்டயபுரம் வந்துட்டு. எறங்க வேண்டாம், இங்க டீ நல்லா இருக்காது. உக்காருங்க. கதை இனிமேத்தான் இருக்கு.

ரெண்டு மாசத்துக்கு மேல வச்சிருந்தானுவ எங்கள. கம்பெனிக்காரன் லண்டன்ல உக்காந்து பேசுதான், பேசுதான், பேசிக்கிட்டே இருக்கான். இங்க நாங்க புழுங்கிச் சாவுதோம். ஆனா ஒண்ணு. அந்தக் கப்பல்ல அப்தி யார நம்பினான்னு நெனைக்கிய? கேப்டனையா? கேப்டன் போயி, வீட்டுக்கு ஒரு போன் பேசணும்னு கெஞ்சுவாரு. அப்தி என்ன சொல்லுவான் தெரியுமா? "மாயா." அவ்வளவுதான். என்னையக் கை காட்டி விட்டுருவான்! மாயாகிட்ட கேட்டுக்கோ, அவன் பாத்துக்கிடுவான்னு அர்த்தம். பெறவு பொறுப்பு என் தலையிலதான? நான் போயி அந்தப் போனை எடுத்து கேப்டன் கையில குடுத்துட்டேன். அப்திக்கு முழி பிதுங்கிப் போச்சு. கேப்டன் அழுதுக்கிட்டே பேசினாரு வீட்டுல.

அதே மாதிரிதான் எல்லாத்துக்கும். எலெக்ட்ரீசியனுக்குக் காய்ச்சல், மாத்திரை கேட்டா, "மாயா." நான் போயி அவனுவ பெட்டிய ஒடைச்சு எடுத்துக் குடுத்தேன். குடிதண்ணி கேட்டா, "மாயா." நான் போயி கேனைத் தூக்கிட்டு வந்தேன். மேல் தட்டுல கொஞ்சம் காத்தாட நிக்கணும்னா, "மாயா." எல்லாரையும் வரிசையாக் கூட்டிட்டுப் போயி நிப்பாட்டுவேன். சாமி சத்தியமாச் சொல்லுதேன், சொந்தக் கம்பெனிக்காரன் கூட என்னைய அம்புட்டு நம்பினதில்ல. ஆரம்பத்துல கத்துவானுவ, துப்பாக்கிய இழுப்பானுவ. பெறவு நான் எந்திரிச்சாலே ஒதுங்கி நின்னு வழிவிடுவானுவ. ஒருத்தனுக்கொருத்தன் காதுல ஓதிக்கிடுவானுவ, "வாலன், வாலன்"னு. எனக்குப் பட்டப்பேரு. பெரிய சமையல்காரன்னு அர்த்தமா இருக்கும்.

அதுக்கு என்ன போட்டிருக்கான்னு கேளுங்க. "பைத்தியம்." விளங்குமா இவன்?

நீங்க என்ன கேட்டிய? ஆமா, மத்தவங்களப் பாத்தும் மாயா மாயான்னுதான் சொல்லுதான் படத்துல. அது வந்து... என்னையத்தான் தேடியிருப்பான். மாயா எங்க, மாயா எங்கன்னு ஆளாளுக்கு விசாரிச்சிருப்பான். இதுல என்ன சந்தேகம்? நீங்க ஒண்ணு, இசக்கி மாதிரியே கேக்கிய.

கண்டக்டர் தம்பி, வால்யூம கொஞ்சம் கூட்டு. அந்த சீன் வருது. யாருக்குத் தொந்தரவு? அந்த அம்மாவுக்கா? அவங்க முழிச்சுத்தான் இருக்காங்க. கூட்டு, கூட்டு.

அண்ணாச்சி, இப்ப கண்ண மூடிக்கோங்க. எழுத்தப் பாக்காதிய. காத மட்டும் தெறந்து வச்சுக் கேளுங்க. நான் நடந்ததச் சொல்லுதேன்.

அன்னைக்கு கம்பெனிக்காரன் ஏதோ ஏறுக்குமாறாப் பேசிட்டான் போல. இவனுவளுக்கு வெறி ஏறிட்டு. அவனுவள்ல ஒல்லிக்குச்சி ஒருத்தன் உண்டு, கண்ணு எப்பவும் செவந்தே கெடக்கும். அவன் டைட்டஸ இழுத்துட்டுப் போயி மேல் தட்டுல முட்டிபோட வச்சு, தலையில துப்பாக்கிய வச்சுட்டான். போன் அந்தப்பக்கம் லண்டன்ல அந்தாளு கேட்டுக்கிட்டு இருக்கான். கேப்டன், மத்தவங்க எல்லாரும் செவத்தோட செவமா நிக்காங்க. நான் கேலிக்குள்ள கஞ்சி கிண்டிக்கிட்டிருக்கேன். எனக்கு ஒண்ணும் தெரியாது.

அப்ப அப்தி குரல் கேக்குது. "வாரியா! மாயா!"

கூப்பிடுதாம்லா. கஞ்சிப் பானையத் தூக்கி தோள்ல வச்சுக்கிட்டு வெளியில வந்தேன். வந்து பாத்தா டைட்டஸ் அப்பிடிக் கெடக்கான். ஒல்லிக்குச்சி துப்பாக்கிய என் பக்கம் திருப்பிட்டான். அப்தி ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு என்னையப் பாத்துக் கத்துதான். "வாரியா! மாயா! மாயா! மாயா!" தொண்டை நரம்பு பொடைச்சு நிக்குது. இம்புட்டு அவசரமாக் கூப்பிட்டா என்ன செய்ய முடியும், நீங்களே சொல்லுங்க. "வாரேன், வாரேன், பறக்கவா முடியும், பானை சுடுது"ன்னுட்டே நடந்தேன். நடந்து போயி டைட்டஸுக்கும் அந்தத் துப்பாக்கிக்கும் நடுவுல பானைய எறக்கி வச்சேன். வேற எடமே இல்ல. அகப்பையால ஒரு கிண்ணம் ஊத்தி ஒல்லிக்குச்சி கையில குடுத்தேன். கையில துப்பாக்கி இருக்கு, கிண்ணத்த எப்பிடிப் பிடிப்பான்? துப்பாக்கிய அக்குள்ல இடுக்கிக்கிட்டு கிண்ணத்த வாங்கிக்கிட்டான்!

அப்தி வாயில இருந்த இலைய மெல்லாம அப்பிடியே நிக்கான். பெறவு சிரிச்சான் பாருங்க, வயித்தப் பிடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வர. எல்லாவனும் சிரிக்கானுவ. நானும் சிரிச்சேன். டைட்டஸ் மட்டும் என் கைலியப் பிடிச்சுக்கிட்டு அழுதான். அதுக்குப் பெறவு ஒருத்தன் மேலயும் துப்பாக்கி தூக்கல அவனுவ. பத்து பதினஞ்சு நாள்ல விட்டுட்டானுவ.

இந்தா! இந்தா! வருது! கண்ண மூடுங்க! கேட்டுதா? "வாரியா மாயா"ன்னு கேட்டுதா இல்லியா? அப்பிடிச் சொல்லுங்க! நீங்க ஒருத்தருதான் நியாயமான மனுசன். ஒங்க நம்பரக் குடுங்க, இசக்கிகிட்ட நீங்க பேசணும். குடுக்க மாட்டியளா? சரி, டிக்கெட் பின்னால எழுதிக் குடுத்துருங்க.

பாருங்க, நடக்குறது யாரு? கேப்டன். நெஞ்ச நிமித்திக்கிட்டு, பின்னால வயலின் வாசிக்கான். மிஸ்ரா சார் அன்னைக்கு ஒண்ணுக்குப் போயிட்டாரு, நின்ன எடத்துலயே. நான் யார்கிட்டயும் சொன்னதில்ல, நீங்களும் சொல்லாதிய. கிருபாகரனுக்கு போன் போட்டுக் கேட்டேன், ஏம்ப்பா இப்பிடிப் பண்ணினன்னு. "அங்கிள், சோமாலி தெரிஞ்ச ஒருத்தர வச்சு அர்த்தம் பாத்தோம். வேண்டாம் வேண்டாம்னு கத்துறப்ப ஒரு ஆள் துப்பாக்கிக்கு நேரா நடந்து போறாருன்னா அது எவ்வளவு பெரிய தைரியம்! அத ஒரு சமையல்காரர் பண்ணினார்னா ஜனங்க நம்பமாட்டாங்கன்னு டைரக்டர் சொல்லிட்டாரு"ங்கான். தைரியமாம்! எவனுக்கு வேணும் தைரியம்? கூப்பிட்டான், போனேன். இதுல என்ன தைரியம் இருக்கு?

இதுலதான் வந்துது வினை. படம் ரிலீசான அன்னைக்கு எங்க தெரு ஜனம் பூராவையும் தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போனேன். இசக்கி பட்டுச்சேலை கட்டி, பூ வச்சு, முன் வரிசைல உக்காந்திருக்கா. இத்தன வருசமா அவதான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா, "பேரச் சொல்லிக் கூப்பிட்டா போகாம இருக்க முடியுமா, துப்பாக்கில்லா வச்சிருக்கான்"னு. நான் சொல்லுததவிட அவ சொன்னா நல்லாருக்கும், கேக்கவன் அழுதுருவான். இந்த சீன் வந்துது. நான் எந்திரிச்சு நின்னு, "இதான்! இதான் நான்!"னு எல்லாருக்கும் காட்டுதேன். பின்னால இருந்தவன் உக்காரச் சொல்லுதான். நான் இன்னொரு வாட்டி நல்லாத் திரும்பி நின்னு காட்டினேன். உக்காந்து இசக்கியப் பாத்தா, அவ படத்தப் பாக்கல. கீழ எழுத்தையே பாத்துக்கிட்டிருக்கா.

வீட்டுக்கு வந்து, பூவ எடுத்து வச்சுட்டுக் கேட்டா.

"ஏங்க, 'வேண்டாம்'னா போட்டிருந்தான்?"

"அது தப்பாப் போட்டிருக்கான்டீ."

"ஒங்களக் கூப்பிடவே இல்ல. வராதன்னு கத்தியிருக்கான். நீங்களாப் போயிருக்கிய."

"அவன் கூப்பிட்டான் இசக்கி. என் காதால கேட்டேன்."

"ஒங்க காது எனக்குத் தெரியாதா? களவாணிப்பய, அவனுக்கே நீங்க செத்துறக் கூடாதுன்னு இருந்திருக்கு. கையை விரிச்சுக்கிட்டு வேண்டாம் வேண்டாம்னு கெஞ்சியிருக்கான். ஒங்களுக்கு எங்க நெனப்பு ஒரு நிமிசம் வந்துச்சா? நானும் ரெண்டு பொட்டப்பிள்ளைகளும் இங்க அந்தப் போனையே பாத்துக்கிட்டுக் கெடந்தோமே."

நான் சப்டைட்டில் தப்பு, சப்டைட்டில் தப்புன்னே சொல்லிக்கிட்டிருந்தேன். மறுநாளு பைய எடுத்தா. தம்பி வீட்டுக்குப் போறேன், பின்னாலயே வராதியன்னா. ரெண்டு நாளு இருந்துட்டு வரப் போறான்னு நெனச்சு நான் ரவாலட்டு உருட்டிக் குடுத்து, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பின்னாலயே போயி ஏத்திவிட்டேன். பத்து நாளாச்சு அண்ணாச்சி. கப்பல்ல ரெண்டு மாசம் கெடந்தேன், ஒரு நாள் கூட எனக்குத் தூக்கம் கெடல. இந்தப் பத்து நாளா ஒத்தையில கெடந்து, ஒரு ஆளுக்கு எவ்வளவு ஒலை வைக்கணும்னு கூடத் தெரியல. அவ வராமலே இருந்துருவாளோன்னு பயமா இருக்கு. மெய்யாவே பயமா இருக்கு.

அவளுக்கு என் காதப் பத்தி எப்பவும் ஒரு கொறைதான். பொண்ணு பாக்கப் போன அன்னைக்கே ஆரம்பிச்சுது. நான் கூடத்துல உக்காந்து பூந்தி சாப்பிட்டுக்கிட்டிருக்கேன். உள்ள ரூமுல அவ அம்மா கேக்காங்க, மாப்பிள்ளையப் பிடிச்சிருக்கான்னு. இவ சொன்னது எனக்குத் தெளிவாக் கேட்டுது, "வேணும்மா"ன்னா. நான் அந்த இடத்துலயே, "எனக்கும் வேணும் அத்தை, தேதியக் குறிங்க"ன்னு சத்தமாச் சொல்லிட்டேன். ஜனமெல்லாம் கைதட்டிச் சிரிச்சு, வெத்தலை பாக்கு மாத்தியாச்சு. கல்யாணம் முடிஞ்சு ரெண்டு பிள்ளையும் பொறந்த பெறவு சொல்லுதா, "நான் அன்னைக்கு வேண்டாம்மான்னுல்லா சொன்னேன்"னு. வெளையாட்டுக்குச் சொல்லுதா. அவளுக்கு என் மேல அம்புட்டுப் பிரியம்.

ஏன் அண்ணாச்சி அப்பிடிப் பாக்கிய? அந்த மக்ரூன இன்னும் கையிலயே வச்சிருக்கிய, சாப்பிடுங்க.

என்ன, படத்த நிப்பாட்டிட்டான்? மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு வந்துட்டா? நல்ல வேளை, கடைசில கேப்டனுக்கு மெடல் குடுப்பான், அதப் பாத்தா எனக்கு ரத்தம் கொதிக்கும். இருங்க, எறங்காதிய, போன் அடிக்கி. இசக்கிதான்! ஸ்பீக்கர்ல போடுதேன், நீங்களும் கேளுங்க. நீங்க சாட்சி.

"சொல்லு இசக்கி! வந்துட்டேன், மாட்டுத்தாவணில எறங்கப் போறேன்!"

"மாட்டுத்தாவணிலயா? அங்க எதுக்குப் போனிய?"

"ஒன்னையக் கூட்டிட்டு வரத்தான்."

"நான் நம்ம வீட்டு வாசல்ல நிக்கேன். கதவு பூட்டிக் கெடக்கு."

"வீட்டுலயா? நீ எப்பிடி அங்க..."

"வராதிய, நானே நாளைக்கு வந்துருதேன்னு நேத்துச் சொன்னேனே! காதுல விழுந்துச்சா? வராதியன்னதோட போனை வச்சிட்டிய. திருப்பிக் கூப்பிட்டா எடுக்கல."

"மக்ரூன் கடையில நின்னேன்டீ."

"எனக்கு மக்ரூன் பிடிக்காதுன்னு எத்தன தடவை சொல்லுதது?"

"சரி, சரி. கோவம் போயிட்டா?"

"போகல. தம்பி வீட்டுச் சாப்பாடு வாயில வைக்க வெளங்கல, அதான் வந்தேன். கோவம் அப்பிடியேதான் இருக்கு. நேர்ல வச்சு வையணும். டைட்டஸ் வேற போன் பண்ணுச்சு. அக்கா, அன்னைக்கு அண்ணன் காதுல ஒழுங்கா விழுந்திருந்தா நான் இன்னைக்கு இல்லக்கான்னு ஓன்னு அழுதுது. நானும் அழுதுட்டேன். அதுக்காக நீங்க செஞ்சது சரின்னு ஆயிருமா? ஆகாது. இனிமே ஒருத்தர் வேண்டாம்னு சொன்னா, நின்னு, முழுசாக் கேப்பியளா மாட்டியளா?"

"கேப்பேன் இசக்கி."

"ம். சரி..."

அலோ? அலோ! இசக்கி? கட்டாயிட்டு. இந்த ராஜபாளையம் பஸ்ஸுக்காரன் இப்பத்தான் ஹாரன் அடிக்கணுமா? அண்ணாச்சி, கடைசில ஒண்ணு சொன்னாளே, கேட்டியளா? "சரி"ன்னுட்டு என்னமோ சொன்னா. வாங்கன்னாளா, வராதியன்னாளா? எனக்கு வாங்கன்னுதான் கேட்டுது. தெளிவாக் கேட்டுது. நூத்துக்கு நூறு...

இல்ல. ஒங்களுக்கு என்ன கேட்டுது, நீங்க சொல்லுங்க. வாங்கன்னுதானா? நெசமாத்தானா? என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்லலையே?

எங்க போறிய, ஒரு நிமிசம் நில்லுங்க. சரி, வேலை இருந்தா போங்க, போங்க. அந்தா தூத்துக்குடி வண்டி நிக்கி, ஆள் ஏறிக்கிட்டிருக்கான். கெளம்பினாலும் கையக் காட்டினா நிப்பாட்டுவான். இருக்கட்டும். அடுத்த வண்டில போயிக்கிடலாம். மொதல்ல போன் போடுதேன். அடிக்கி... எடுத்துட்டா.

"ஏட்டி இசக்கி... நாந்தான். இல்ல, இன்னும் ஏறல. ஒன்கிட்ட ஒண்ணு கேக்கணும். நான் வரட்டுமா?"